எட்டில் ஒன்று பெரியது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு மஞ்சள் தாள் வந்து சேரும். சனி, ஞாயிறில் பிள்ளைகள் சும்மா இருந்து கெட்டுப்போய்விடக் கூடாதே என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் கொடுத்தனுப்புவது. தலைப்பில் கொட்டை எழுத்தில் 'வீட்டுச் செயல்பாடு' என்று போட்டிருக்கும். செயல் பிள்ளைக்கு, பாடு பெற்றவர்களுக்கு என்பார் அப்பா. முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் எழுத்து, அடியில் ஓரமாகத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். பெற்றோர் கையெழுத்துக்கு அது.

அந்தக் கட்டம் எப்போதும் அப்பாவுக்குத்தான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்றில்லை. ஆனால் கையெழுத்து என்று வந்துவிட்டால் அந்தத் தெருவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் எழுத்தை யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து, நடுவில் இரண்டு சுழி சுழித்து, கடைசி எழுத்தின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். வால் கட்டத்தைத் தாண்டும், தாளைத் தாண்டும், சில நாள் மேசை மேலும் ஏறிவிடும்.

"அப்பா, கட்டத்துக்குள்ள போடுங்கப்பா! டீச்சர் என்னைத்தான் கேக்கறாங்க" என்று மகள் காலை உதைப்பாள்.

"கட்டத்தைப் பெருசாப் போடச் சொல்லு உங்க டீச்சரை. அதுக்காக என் கையெழுத்தை நான் குறைச்சுக்க முடியுமா மேனேஜர்?"

மேனேஜர் என்பது மகளுக்கு அவர் வைத்த பேர். எட்டு வயதுதான், ஆனால் வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் பல் தேய்க்காமல் டீ குடித்தார்கள் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். அப்பா வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி வைத்து, தலையிலிருந்து கால் வரை துணியால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அவர் கல் அறுக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். தரைக்குப் போடுகிற கல், சமையல் மேடைக்குப் போடுகிற கல் எல்லாம் பலகை பலகையாக அங்கே அறுபடும். புருவமெல்லாம் வெள்ளையாக, மாவு மில்லிலிருந்து தப்பித்து வந்தவர் போல வந்து நிற்பார். தட்டிவிட்டால் போய்விடுகிற தூசிதானே என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஒட்டியதைத்தான் தட்டினார்கள். உள்ளே போனதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

அம்மாவுக்கு பைண்டிங் கடையில் வேலை. அச்சாகி வருகிற பெரிய பெரிய தாள்களைப் புத்தக அளவுக்கு மடிக்க வேண்டும். மேசைக்கு முன்னால் நின்று, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூங்கில் பட்டையால் ஒரு தேய், திருப்பி ஒரு தேய், மறுபடி திருப்பி ஒரு தேய். அவள் மடித்தால் மூலை மூலையோடு ஒட்டி உட்காரும். யாரையும் நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிப் பழகாத மேஸ்திரியே, புதிதாக வருகிற பெண்களிடம், "அந்த அம்மா கையைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று முணுமுணுப்பார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அவளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மடிக்கிற மேசைக்கு அடியில்தான் வளர்ந்தாள். மேலே பட்டை தேய்கிற சத்தம், கீழே இவள் மழலை. குழந்தைக்குப் பொழுது போக அம்மா மடிக்க மடிக்கப் பாட்டு மாதிரிச் சொல்லுவாள்:

"ஒரு மடிப்பு, ரெண்டு! ரெண்டு மடிப்பு, நாலு! மூணு மடிப்பு, எட்டு!"

எட்டு வந்ததும் குழந்தை கை தட்டும். வெறும் தாளாக இருந்தது எட்டு வந்தால் புத்தகம் மாதிரி தடிமனாகி, கைக்கு அடக்கமாகி, அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஆக மடிக்க மடிக்க ஏறும், எட்டுதான் உசத்தி. அகரம் படிப்பதற்கு முன்னாலேயே அவள் படித்த பாடம் இது.

அப்பாவுக்கு இருமல் நின்றபாடில்லை என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஆனால் நிதானமானவள். படிக்காதவர்கள் என்று நினைத்தாளோ, அல்லது புரிய வேண்டுமே என்ற அக்கறையோ, நூற்றுக்கு இத்தனை என்றெல்லாம் போகாமல் நேராகச் சொன்னாள்.

"நுரையீரல் பாதிதாம்மா வேலை செய்யுது. ரெண்டுல ஒரு பங்கு. கல் தூசி போய்ப் படிஞ்சிருக்கு. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தணும்."

பட்டறை வேலை அன்றோடு நின்றது. மாத்திரையும், வாயில் வைத்து இழுக்கிற மருந்துமாக ஒரு மழைக்காலம் ஓடியது. அடுத்த தடவை ஊதிப் பார்த்தபோது டாக்டரம்மா படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நாலுல ஒரு பங்குதான் இருக்கு."

அம்மா வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

அம்மாவுக்கு எதையாவது ஜோடித்துச் சொல்லக்கூட அப்போது தெம்பில்லை. காதில் விழுந்ததை அப்படியே சொன்னாள். "நாலுல ஒண்ணாம்."

மகள் பெஞ்சிலிருந்து குதித்தாள்.

"போன தடவை ரெண்டுல ஒண்ணு! இப்ப நாலுல ஒண்ணா? ஐ, ஏறிடுச்சு!"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை உள்ளே ஓடி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கியது. "அப்பா, உங்களுக்கு நாலு வந்திருச்சு!"

அவருக்கு ஒரு நொடிதான் ஆனது. மகளைப் பார்த்தார், பின்னால் வந்து நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"நாலா! அடேங்கப்பா. நான் பாஸா அப்ப?"

"பாஸ்தான். அடுத்த தடவை எட்டு எடுக்கணும், ஆமா."

"மேனேஜர் சொன்னா எடுத்துர வேண்டியதுதான்" என்றார் அவர். டாக்டரம்மா ஏதோ எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, மகள் தெருவில் விளையாடப் போன பிறகு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏங்க, அவளுக்கு எடுத்துச் சொல்லிரட்டுமா? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தப்பாப் போடுவா."

அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "சொல்லி? எனக்காக இந்த வீட்டுல ஒருத்தராவது சந்தோஷமா இருக்கீங்களா, அவளைத் தவிர? அவ கணக்கு கொஞ்ச நாளைக்குத் தப்பாவே இருக்கட்டும்."

அந்த வீட்டில் வேறு எதற்குச் சிரித்தார்கள்? அம்மாவும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் மறுபடி ஆஸ்பத்திரி வாசம். இந்த முறை வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். கேட்காமலே சொன்னாள் டாக்டரம்மா, "எட்டுல ஒரு பங்கு இருந்தா அதிகம்." மகளுக்கு அம்மா அதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் கொடுமை. மகள் தெருவில் இருந்த சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எங்கப்பா எட்டு.

அந்த வாரம் பார்த்துத்தான் மஞ்சள் தாளில் இந்தக் கணக்கு வர வேண்டுமா?

'ஒரே அளவுள்ள மூன்று காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள். ஒன்றை இரண்டு சம பங்காகவும், ஒன்றை நான்காகவும், ஒன்றை எட்டாகவும் மடி. ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு வண்ணம் தீட்டி, அதை வெட்டி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக ஒட்டு.' பின்பக்கத்தில்: 'எது பெரியது, ஏன் என்று உன் வீட்டில் ஒருவருக்குச் சொல்வதுபோல் ஐந்து வாக்கியம் எழுது.'

அம்மா அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். ஒரே அளவுள்ள என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. மடிப்பு அவளுடைய தொழில். ஒரே அளவுத் துண்டு மூன்றை எடுத்து மடித்தால் எது எவ்வளவு வரும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எட்டில் ஒன்று, பாவம், ஓரமாக ஒரு கீற்றாக நிற்கும். அதற்கு அந்தப் பிள்ளை தன் கையாலேயே வண்ணம் தீட்டும், தன் கையாலேயே கடைசியில் ஒட்டும். ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு என்ன பதில் வைத்திருக்கிறாள் இவள்?

தாளைத் தொலைத்துவிடலாம் என்றால், தொலைந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மேனேஜரை மிஞ்ச முடியாது. காய்ச்சல் என்று சொல்லலாம் என்றால் பிள்ளை துள்ளிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிலிருந்து ஆரம்பிப்பது? எட்டு சின்னது என்பதிலிருந்தா, அப்பா பிழைக்கமாட்டார் என்பதிலிருந்தா? இரண்டும் ஒன்றுதான்.

பைண்டிங் கடையில் தாளின் ஓரம் வெட்டும்போது விழுகிற நீட்டு நீட்டுத் துண்டுகளைப் பிள்ளை கிறுக்க என்று அள்ளி வருவது வழக்கம். அன்றைக்கு அந்தப் பையைப் பிரித்து அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். பாதிக்கு ஒரு விரல் நீளத் துண்டு. நாலுக்கு ஒரு சாண். எட்டுக்கு ஒரு முழத்துக்கும் மேலே. இத்தனை வருஷத்தில் ஒரு மடிப்புக்கூடக் கோணலாகப் போட்டறியாதவள், காகிதத்திடம் பொய் சொன்னது அன்றைக்குத்தான். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு துண்டாகத்தான் மகளிடம் கொடுத்தாள். ஒன்று முடித்து ஒட்டிய பிறகு அடுத்தது. மூன்றாவதைக் கையில் வாங்கியதும் மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இது மட்டும் ஏம்மா இவ்வளவு நீளம்?"

"நீளமா இருந்தாத்தாண்டி எட்டா மடிக்க முடியும். எங்க கடையிலயும் அப்படித்தான்."

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மடிப்பில் அம்மாவுக்குத் தெரியாதது உண்டா? மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு மடித்தாள், சிவப்புத் தீட்டினாள், வெட்டி ஒட்டினாள். எட்டில் ஒன்று முதலில், நாலில் ஒன்று அடுத்து, பாவம் போல இரண்டில் ஒன்று கடைசியில். மிச்சத் துண்டுகளை அம்மா அப்போதே சுருட்டி அடுப்பில் போட்டாள்.

பின்பக்கத்தில் மகள் எழுதினாள். 'அன்புள்ள அப்பா, எட்டில் ஒன்று பெரியது. நாலில் ஒன்று அதைவிடச் சின்னது. ரெண்டில் ஒன்று ரொம்பச் சின்னது. ஏனென்றால் அம்மா வெட்டிக் கொடுத்தார், நான் மடித்து ஒட்டிப் பார்த்தேன். நீங்கள் இப்போது எட்டில் ஒன்று, சீக்கிரம் பதினாறு ஆகிவிடுவீர்கள்.'

ஞாயிற்றுக்கிழமை வார்டில் பார்வையாளர் நேரத்தில் அந்தத் தாளை அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார். முன்பக்கத்தைத் திருப்பி மூன்று சிவப்புத் துண்டுகளையும் பார்த்தார். வாழ்நாள் பூராவும் அளந்து அறுத்த மனிதர்.

"யாரு வெட்டினது?"

"அம்மாதான்."

"நல்லா… வெட்டியிருக்கா" என்றார் அவர். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தும்பிக்கை வளைந்தது, ஆனால் குட்டி யானையின் தும்பிக்கை. ஒரு சுழி. வாலை இழுக்க ஆரம்பித்து, மூச்சு முட்டி, பேனாவை எடுத்துவிட்டார்.

"ஐ! அப்பா கட்டத்துக்குள்ளயே போட்டுட்டாங்க!" என்று மகள் வார்டே கேட்கும்படி கத்தினாள்.

அம்மாவுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்க்க மனம் தாளவில்லை. வெளியே போய்க் குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அழுதது போதும் என்று தன்னையே அதட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடம் போய் வந்தாள். தாள் திரும்பி வந்ததா, டீச்சர் என்ன சொன்னாங்க என்று அம்மா கேட்கவில்லை, கேட்கப் பயம். மகளும் சொல்லவில்லை. அம்மா இருந்த இருப்பில், எதையும் பொறுக்காத அந்த வாயாடி ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அந்த வாரத்திலேயே அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அளந்து பார்க்கறதுல அர்த்தம் இல்லம்மா. வீட்டுல உங்க கூட இருக்கட்டும்" என்றாள். கட்டிலோடு ஒரு ஆக்சிஜன் மிஷினும் வீட்டுக்குள் வந்தது. குளிர்ப்பெட்டி மாதிரி அது உறுமிக்கொண்டே இருந்தது. அதன் மெல்லிய குழாய் அப்பாவின் மூக்கில்.

சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே மகள் அடுப்படிக்கு வந்தாள்.

"டாக்டர் இப்ப எத்தனைன்னு சொன்னாங்கம்மா?"

அம்மா இதற்குத் தயாராகத்தான் இருந்தாள். டாக்டரம்மா சொல்லாததை இவள் சொன்னாள், பிள்ளை ஆசைப்பட்ட எண்ணாயிற்றே என்று. குரலில் சந்தோஷத்தைக்கூட வரவழைத்துக்கொண்டாள்.

"பதினாறுல ஒண்ணாம்!"

மகள் குதிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு, யாரோ முதுகில் தட்டி ஞாபகப்படுத்தியது போல, "ஐ… பதினாறா" என்றாள். திரும்பி அப்பாவின் கட்டிலுக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "அப்பா! பதினாறு வந்திருச்சுப்பா! நான் அப்பவே எழுதினேன்ல?"

"எழுதினே… மேனேஜர்."

கரண்டியைக் கையில் பிடித்தபடி அம்மா நின்றாள். அந்த 'ஐ' ஒரு மூச்சு தாமதமாக வந்தது. அவ்வளவுதான். பெற்றவளுக்கு அது போதாதா?

கொஞ்ச நேரத்தில் மகள் திரும்பி வந்தாள். பைக்குள்ளிருந்து எடுத்து மஞ்சள் தாளை நீட்டினாள். எட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே: 'துண்டுகள் ஒரே அளவில் இல்லை. மீண்டும் செய்து வரவும்.'

"டீச்சர் எல்லாருக்கும் ஒரே அளவு துண்டு குடுத்து வகுப்புலயே மடிக்கச் சொன்னாங்க" என்றாள் மகள். குரலைத் தாழ்த்தியிருந்தாள், கட்டில் வரைக்கும் கேட்டுவிடாதபடி. "எட்டு ரொம்பக் குட்டியா இருந்துச்சும்மா."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"ம். நான் அப்பாகிட்ட சொல்லலை." மகள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அப்பாவுக்கு எட்டுன்னா பெருசுன்னுதானே தெரியும்? தெரிஞ்சா அழுவாங்கல்ல?"

ஆக நாலைந்து நாளாக அந்த வீட்டில் மூன்று பேரும், மற்ற இருவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, கால் இரண்டும் மடிக்கு வெளியே தொங்கின. மகள் திட்டுவாள், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். கேட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

மகள் கேட்டது வேறு.

"அம்மா, நீ நீளமா வெட்டிக் குடுத்தப்ப எட்டு பெருசாத்தானே இருந்துச்சு?"

"ஆமாண்டி."

"அப்ப பதினாறுக்கு இன்னும் நீளமா வேணும். ரொம்ப நீளமா. உங்க கடையில அவ்வளவு நீளக் காகிதம் இருக்குமா?"

அம்மா அவள் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வரக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்.

பைண்டிங் கடைக்குப் பக்கத்திலேயே அச்சகம். அங்கே காகிதம் பீப்பாய் பருமனில் சுருள் சுருளாக வரும். ஓட்டி முடித்தால் உருளையில் கொஞ்சம் மிஞ்சும். மேஸ்திரியிடம்தான் கேட்க வேண்டும்.

"சுருள் மிச்சம் இருந்தாக் குடுங்க. புள்ளைக்கு வீட்டுச் செயல்பாடு."

"வீட்டுச் செயல்பாட்டுக்கு ரீல் காகிதமா? எதை அளக்கச் சொல்லியிருக்காங்க, ரோட்டையா?"

அம்மாவுக்கு அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. மேஸ்திரிக்கு அவள் வீட்டு விஷயம் தெரியும். காதைச் சொறிந்துகொண்டு உள்ளே போனவர், தோளில் ஓர் உருளையோடு வந்தார். மட்டமான மிச்சமல்ல, நல்ல கனமான வெள்ளைக் காகிதம். அகலத்தை அவரே மிஷினில் வைத்து நாலு விரல் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். "நனையாம எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம். அவர்கள் குடியிருந்தது வரிசை வீடு. வாசலுக்கு முன்னால் நீளமான தாழ்வாரம், எல்லாக் கதவும் அதில்தான் திறக்கும். அம்மா வாசலில் உட்கார்ந்து காகிதத்தின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். மகள் உருளையைத் தள்ளிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டைத் தாண்டி, செருப்புகளையும் தண்ணீர்க் குடங்களையும் ஒதுக்கிவிட்டபடி, தாழ்வாரத்தின் கோடிச் சுவர் வரைக்கும் போனாள். "என்னடி இது கூத்து?" என்று எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் "வீட்டுச் செயல்பாடு, மிதிக்காதீங்க" என்று அதட்டினாள்.

"மடிக்கலாமா?" என்று கோடியிலிருந்து கத்தினாள்.

"மடிக்கலாம்."

நுனியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா கை நுனியோடு நுனி சேர்ந்தது. "ஒரு மடிப்பு, ரெண்டு" என்றாள் அம்மா. மறுபடி மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ரெண்டு மடிப்பு, நாலு." பழைய பாட்டுத்தான். மகளும் சேர்ந்து சொன்னாள், கை தட்டவில்லை. "மூணு மடிப்பு, எட்டு." ஒவ்வொரு மடிப்பையும் அம்மா முழங்காலிட்டு மூங்கில் பட்டையால் தேய்த்தாள். ஓரம் நூல் பிசகவில்லை. இந்தத் தடவை காகிதத்திடம் அவள் பொய் சொல்லவில்லை. "நாலு மடிப்பு, பதினாறு."

பிரித்து, ஒரே ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். மகள் சிவப்பு வண்ணக் கட்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து அதன் ஓரம் முழுக்க ஒரு கோடு இழுத்தாள். முழுதும் தீட்ட வண்ணம் போதாது. ஆளுக்கொரு நுனியைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் விரித்தார்கள். தலையணையில் ஆரம்பித்தது அவருடைய கால் விரலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது.

"பதினாறா… இது?"

"ஆமாப்பா. பதினாறுல ஒண்ணு. உங்களோடது."

அவர் கையைத் தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்துத் தடவினார். கல் பலகையைத் தடவிப் பார்க்கிற அதே தடவல். "இவ்வளவு… இருக்கா… இன்னும்?"

"இருக்குப்பா. அளந்துதானே வெட்டினோம். அம்மாவைக் கேளுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். 'வெட்டினோம்' என்றாளே, மகளுக்கும் எல்லாம் தெரியும் என்பது அவருக்கு அந்த நொடி புரிந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கக் கை போகவில்லை. மகளே தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள், எப்போதும் தூசி தட்டிவிடுகிற அதே அதிகாரத்தோடு.

"அழக் கூடாது. கையெழுத்துப் போடணும். பெற்றோர் கையெழுத்து இல்லாம இது செல்லாது."

பேனாவை அவர் விரலுக்கிடையில் செருகிவிட்டாள். தும்பிக்கையை வளைத்தார். நின்றார். மூச்சைச் சேகரித்தார். ஒரு சுழி. நின்றார். இன்னொரு சுழி. அம்மா அவர் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கடைசி எழுத்து வந்தது. வாலை இழுக்க வேண்டும். பேனா காகிதத்தில் குத்தியபடியே நின்றுவிட்டது. கை நகரவில்லை.

மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் காகிதத்தின் நுனியைப் பிடித்து மெள்ள இழுக்க ஆரம்பித்தாள். கை அசையாமல் இருந்தது, காகிதம் நகர்ந்தது. பேனாவுக்குக் கீழே வால் நீண்டது. ஒரு சாண், ஒரு முழம். ஒரு வால் கோணாமல் இவ்வளவு நேராக அவர் போட்டதே இல்லை.

அவர் கண்ணை மூடியிருந்தார். உதட்டில் ஏதோ அசைந்தது. அம்மா குனிந்து கேட்டாள்.

"கட்டத்தை… தாண்டிருச்சா… மேனேஜர்?"

"இல்லப்பா" என்றாள் மகள், இழுப்பதை நிறுத்தாமல். "இன்னும் இடம் இருக்கு."